தாவியவரும் தாங்கியவரும்

கலைகளைப் பொதுவாக இரு வகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவை செய்து முடித்த பின் நிலைத்து நிற்பவை. இசை, கூத்து, நடனம் ஆகியவை நிகழும்போதே மறைந்துகொண்டிருப்பவை. முன்னதை நூறாண்டு கழித்தும் சென்று காணலாம். பின்னதைக் காண வேண்டுமாயின், அது நிகழும் நாளில் அவ்விடத்தில் இருந்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில், ஓவியக் கலையில் தோய்ந்த இளைஞர் சிலர் இந்த எல்லைக் கோட்டைக் கடந்தார்கள். கித்தானில் வண்ணம் தீட்டுவதோடு நில்லாமல், தம் உடலையும் ஒரு நாழிகைப் பொழுதையுமே கலையின் மூலப் பொருளாகக் கொண்டார்கள். அதனை இன்று நிகழ்த்துக் கலை என்று வழங்குகிறோம்.

அந்நிகழ்ச்சிகள் சிலவற்றைச் சில நூறு பேர் நேரிற் கண்டார்கள்; வேறு சிலவற்றைக் கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அவை இன்று உலகெங்கும் கலை வரலாற்று நூல்களிற் பேசப்படுகின்றன. அதற்குக் காரணம் புகைப்படம். நிகழ்ச்சி மறைந்தது, படம் எஞ்சியது. ஆகவே இக்கலையின் வரலாறு, அதற்குச் சாட்சியாக நின்ற காமிராவின் வரலாறும் ஆகும். அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? அது எதைக் காட்டியது, எதை மறைத்தது? ஒரே ஒரு படத்தை நடுவில் வைத்து இக்கேள்வியை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

முதலிற் காலத்தின் தன்மையைச் சிறிது நினைவிற் கொள்வோம். 1945ஆம் ஆண்டு போர் முடிந்தபோது ஐரோப்பாவின் பல நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. கட்டடங்களோடு வேறொன்றும் இடிந்திருந்தது. அது படத்தின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை. ஜெர்மனியை ஆண்ட நாஜிகள் புகைப்படத்தையும் திரைப்படத்தையும் பிரசாரக் கருவிகளாகப் பயன்படுத்தியிருந்தார்கள். காமிரா பொய் சொல்லாது என்று எண்ணிய தலைமுறை, காமிராவைக் கொண்டே பெரும் பொய்களைச் சொல்ல முடியும் என்பதைக் கண்ணாரக் கண்டுவிட்டது.

இந்த அனுபவத்திலிருந்து இரு வேறு வழிகள் பிறந்தன. ஒன்று, படம் என்பது எடுப்பவனின் ஆக்கமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் வழி. ஓட்டோ ஷ்டைனர்ட் என்னும் ஜெர்மானியர் இவ்வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர். 1915இல் ஸார்புருக்கன் நகரிற் பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். போருக்குப் பின் புகைப்படக் கலைக்கு வந்து, அக்கலையின் ஆசிரியராகவும் விளங்கினார். 1949இல் தோழர்களோடு சேர்ந்து ‘ஃபோட்டோஃபார்ம்’ என்ற குழுவை அமைத்தார். 1951 முதல் ‘அகநிலைப் புகைப்படம்’ என்ற பொருள்படும் தலைப்பிற் கண்காட்சிகளை நடத்தினார். 1950இல் பாரிஸ் நகரில் அவர் எடுத்த படம் ஒன்று புகழ் பெற்றது. நடைபாதையில் ஒருவர் நடந்து செல்கிறார். காமிராவின் கதவு சற்று நேரம் திறந்திருந்தமையால், அசைந்த உடல் முழுதும் புகைபோற் கலைந்துவிட்டது. தரையில் ஊன்றியிருந்த ஒரு பாதம் மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. எவர் கண்ணும் அந்த மனிதரை அப்படிக் கண்டதில்லை. ஆயினும் அப்படத்தில் வஞ்சனை இல்லை. காலத்தைக் காமிரா எவ்வாறு விழுங்குகிறது என்பதை அது ஒளிவு மறைவின்றிக் காட்டிவிடுகிறது.

மற்றொரு வழி, நிகழ்ச்சிக்கு முன் படம் எடுப்பவன் அடங்கி நிற்கும் வழி. பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் இவ்வழியின் ஆசான். 1932இல் பாரிஸின் ஸேன்-லாஸார் ரயில் நிலையத்தின் பின்புறம், வேலி இடுக்கு ஒன்றின் வழியே அவர் எடுத்த படத்தில், தேங்கிய நீரைத் தாண்டும் ஒரு மனிதன் அந்தரத்தில் நிற்கிறான். அவன் குதிகால் நீரைத் தொட இன்னும் ஒரு நொடிகூட இல்லை. எல்லாம் கூடிவரும் அந்தக் கணத்தைப் பிடிப்பதே தம் கலை என்பதை, 1952இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். இந்தப் படத்திலும் கத்தரி வேலை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். வேலிப் பலகை படத்தின் ஓரத்தை மறைத்தமையால், அப்பகுதியை வெட்டி நீக்கியே அதனை அவர் வெளியிட்டார். ஆனால் அவர் நீக்கியது கண்ணை மறைத்த தடையை. இல்லாத ஒன்றைப் படத்திற் சேர்க்கவில்லை.

இவர் நம் நாட்டுக்கும் அறிமுகமானவர். 1948 ஜனவரி 30ஆம் நாள் டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்து விடைபெற்றவர் அவர். சிறிது பொழுதிற்குள் அடிகள் சுடப்பட்டார். அன்றிரவு மாளிகையின் வாயிலில் நேரு அச்செய்தியை மக்களுக்கு அறிவித்த காட்சியும், மறுநாள் இறுதி ஊர்வலமும் அவர் காமிராவின் வாயிலாகவும் உலகின் கண்களை எட்டின. 1950 ஏப்ரல் மாதம், ரமண மகரிஷி சமாதியடைந்த நாட்களில், அவர் திருவண்ணாமலை ஆசிரமத்திலும் இருந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, மகரிஷி மறைந்த வேளையில் வானில் ஒளிச்சுடர் ஒன்று மெல்ல நகர்ந்து சென்றதைத் தாம் கண்டதாக அவர் கூறியது ஆசிரம வரலாறுகளில் இடம் பெற்றிருக்கிறது. உலகப் புகழ் பெற்ற காமிராக் கலைஞரின் அந்தச் சாட்சியம் ஒரு படமாக வராமல், ஒரு சொல்லாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நீரைத் தாண்டிய அந்த மனிதனை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே பாரிஸின் புறநகரில் 28 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த இன்னொரு தாவலுக்கு வருவோம்.

ஈவ் கிளைன் 1928 ஏப்ரல் 28ஆம் நாள் தென் பிரான்ஸில் நீஸ் நகரிற் பிறந்தார். தாய், தந்தை இருவரும் ஓவியர்கள். கிளைன் முறையான ஓவியக் கல்வி பெறவில்லை. இளமையில் அவரை ஈர்த்தது ஜூடோ. 1952இல் ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோவின் கோடோகான் பள்ளியிற் பயின்று நான்காம் படித் தகுதி பெற்றுத் திரும்பினார். 1954இல் ஜூடோவைப் பற்றி நூல் ஒன்றும் எழுதினார். விழுவதற்குக் கற்றுக்கொள்வது அவ்வித்தையின் பாலபாடம். இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

ஓவியத்தில் அவர் நாடியது ஒரே நிறம். கடல் நீலப் பொடியைச் செயற்கைப் பிசின் ஒன்றிற் குழைத்து, பொடியின் ஒளி மங்காதவாறு கித்தானிற் படியச் செய்யும் முறையை, பாரிஸ் வண்ண வணிகர் ஒருவரின் துணையோடு கண்டறிந்தார். 1957இல் இத்தாலியின் மிலான் நகரில், ஒரே அளவும் ஒரே நீலமும் கொண்ட 11 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1958 ஏப்ரலில் இன்னும் ஒரு படி சென்றார். பாரிஸில் ஈரிஸ் கிளேர் என்பவரின் சிறு கலைக்கூடத்தைக் காலி செய்து, உட்சுவர்களுக்குத் தாமே வெள்ளை பூசி, ‘வெறுமை’ என்று பெயரிட்டு, அந்த வெற்று அறையையே கண்காட்சியாகத் திறந்து வைத்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பார்க்க வந்தோம் என்பதே நிகழ்ச்சியாயிற்று.

1960 மார்ச் 9ஆம் நாள் மாலை, பாரிஸின் மற்றொரு கலைக்கூடத்தில் அழைக்கப்பட்ட விருந்தினர் கூடியிருந்தனர். இசைக் குழு ஒன்று 20 நிமிடம் ஒரே சுரத்தை நிறுத்தாமல் இசைத்தது. அடுத்த 20 நிமிடம் மௌனம் காத்தது. அவ்வேளையில் மூன்று பெண்கள் தம் மேனியில் நீல வண்ணத்தைப் பூசிக்கொண்டு, சுவரிலும் தரையிலும் விரித்திருந்த தாள்களில் உடலின் சுவடுகளைப் பதித்தார்கள். கிளைன் மாலை உடுப்பு அணிந்து, வண்ணத்தைக் கையால் தொடாமல், நின்ற இடத்திலிருந்தே குறிப்புக் காட்டினார். அப்பெண்களை அவர் உயிருள்ள தூரிகைகள் என்றார். ஓவியம் எவருடையது? குறிப்புக் காட்டியவருடையதா, சுவடு பதித்தவர்களுடையதா? அன்று எழுந்த அந்தக் கேள்வி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். தாம் வெட்டவெளியிற் பறக்க வல்லவர் என்று கிளைன் நண்பர்களிடம் கூறிவந்தார். 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் உயரத்திலிருந்து தாவியதாகவும் சொன்னார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். ஆனால் அதற்குப் படம் இல்லை, நம்பியவரும் சிலரே. ஆகவே அவ்வாண்டு அக்டோபரில், பாரிஸின் தென்புற நகராகிய ஃபோந்தனே-ஓ-ரோஸில் அமைதியான தெரு ஒன்றுக்குக் காமிராக்களோடு சென்றார். உடன் சென்றவர்கள் ஹாரி ஷுங்க், ஹங்கேரியரான யானோஷ் கெண்டர் என்னும் இரு புகைப்படக்காரர்கள்.

படத்தில் நாம் காண்பது இது. மதில் தூண் ஒன்றின் மேலிருந்து ஒரு மனிதர், உடுப்புக் கலையாமல், கைகளை விரித்து, முகத்தை வானுக்கு உயர்த்தி, வெட்டவெளியிற் பாய்கிறார். கீழே கல் பாவிய சாலை. தாங்குவதற்கு ஒன்றுமில்லை. சற்றுத் தொலைவில் ஒருவர், நடப்பதை அறியாதவராய், சைக்கிளில் சென்றுகொண்டிருக்கிறார்.

உண்மையில் நடந்தது வேறு. கிளைன் தாவினார் என்பது மெய். ஒரு முறைக்கு மேற்பட்டே தாவினார். ஆனால் கீழே அவருடைய ஜூடோத் தோழர்கள் தார்ப்பாய் ஒன்றை இழுத்துப் பிடித்து நின்றார்கள், அதில்தான் விழுந்தார். பிறகு, அதே இடத்தில் காமிராவை அசைக்காமல் வெறும் தெருவைப் படம் எடுத்தார்கள். இருட்டறையில் இரண்டு நெகடிவ்களையும் இணைத்தபோது, மேற்பகுதியில் தாவும் மனிதரும் கீழ்ப்பகுதியில் வெறும் சாலையும் ஒரே படமாயின. தார்ப்பாயும் அதைப் பிடித்திருந்தவர்களும் மறைந்தார்கள். சைக்கிள்காரர் உள்ள வடிவம் ஒன்றும், அவர் இல்லாத வடிவம் ஒன்றும் கிடைக்கின்றன. ஒரே தாவல் இரு வேறு தெருக்களின் மேல் நிகழ்ந்தது எங்ஙனம் என்று கேட்டாலே இணைப்பு வெளிப்பட்டுவிடும்.

1960 நவம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை, இந்தப் படம் நான்கு பக்கச் செய்தித்தாள் ஒன்றின் முதற் பக்கத்தில் வெளியாயிற்று. அது கிளைன் தாமே அச்சிட்ட, ஒரே நாள் மட்டும் வெளிவந்த தாள். பாரிஸில் வழக்கமாக வரும் ஞாயிறுத் தாளின் தோற்றத்திலேயே அதனை அமைத்து, பத்திரிகைக் கடைகளில் விற்பனைக்கு வைத்தார். வெட்டவெளியில் ஒரு மனிதன் என்ற கருத்துப்படத் தலைப்பும் இட்டார். அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியிருந்தது; மனிதனை முதலில் அனுப்பப்போவது எவர் என்று இரு வல்லரசுகளும் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. யூரி ககாரின் விண்ணை வலம் வந்தது 1961 ஏப்ரல் 12ஆம் நாள். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, ராக்கெட்டும் கவச உடையும் இன்றி, ஓர் ஓவியன் தான் முந்திவிட்டதாகப் பறையறைந்தான். செய்தித்தாள் எதைப் படத்தோடு அச்சிட்டாலும் நம்பிவிடும் உலகத்தை நோக்கிய எள்ளலும் அதில் உண்டு.

அரசாங்க அலுவலகங்களில் நகல்கள் ‘உண்மை நகல்’ என்ற முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் பெற்றால்தான் செல்லும் என்ற வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு அந்த முத்திரையின் பொறுப்புத் தெரியும். மூலத்தில் உள்ளதை விடவும் ஆகாது, இல்லாததைச் சேர்க்கவும் ஆகாது. மேலும், எவர் ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். புகைப்படமோ எவர் கையொப்பமும் இன்றியே உண்மை நகலாக ஏற்கப்பட்டுவிடுகிறது. கிளைன் செய்தது அந்த முத்திரையை எடுத்துத் தம் கற்பனையின் மேல் குத்தியதாகும். கலை என்ற அளவில் அதனை மன்னிக்கலாம், போற்றவும் செய்யலாம். ஆயினும் அதற்கு விலையாக மறைந்த மனிதர்களை மறத்தல் தகாது.

மறைந்தவர்கள் தார்ப்பாய் பிடித்தவர்கள் மட்டும் அல்லர். நெடுங்காலம் இப்படம் கிளைனின் படைப்பென்றே பேசப்பட்டது. எடுத்தவர்களின் பெயர் பின்னாலேயே நின்றது. ஷுங்கும் கெண்டரும் 1973 வரை சேர்ந்து உழைத்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்காலக் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் பலவற்றைப் படம் எடுத்தார்கள். ஷுங்க் 2006இலும் கெண்டர் 2009இலும் மறைந்தனர். அதன் பின்னரே அவர்களுடைய படத் தொகுதி ஐந்து பெரிய கலை நிறுவனங்களுக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 2015இல் நியூயார்க்கின் நவீன கலைக் கூடமும், 2019இல் பாரிஸின் பொம்பிடு மையமும் அவர்கள் பெயரிலேயே கண்காட்சிகள் நடத்தின. சாட்சியின் பெயர் ஏட்டில் ஏற அரை நூற்றாண்டு பிடித்தது.

காமிராவைத் தம் விருப்பப்படி பேச வைத்த கிளைனை, வேறொரு காமிரா தன் விருப்பப்படி பேச வைத்தது. உலக நாடுகளின் விந்தைகளைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட ‘மோண்டோ கானே’ என்ற இத்தாலியப் படத்தின் தயாரிப்பாளர்கள், அவருடைய உடற்சுவடு நிகழ்ச்சியைப் படமாக்க விரும்பினார்கள். 1961இல் அவரும் இசைந்து, அதனைக் காமிராவின் முன் மீண்டும் நடத்திக் காட்டினார். 1962 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அதனைக் காணச் சென்றபோது, தம் கலை பித்தர்களின் கேளிக்கைபோல வெட்டி ஒட்டப்பட்டு, ஏளனத்தோடு காட்டப்படுவதைக் கண்டார். அன்றிரவே மாரடைப்பு ஏற்பட்டது. ஜூன் 6ஆம் நாள் பாரிஸில் உயிர் நீத்தார். வயது 34. அவ்வாண்டு ஜனவரியில்தான் மணம் புரிந்திருந்தார். மகன் பிறந்தது தந்தை மறைந்த பின்னர். அந்த அவமதிப்பே மரணத்துக்குக் காரணம் என்று துணிந்து கூறுவதற்கில்லை. ஆனால் கத்தரியும் பசையும் எவர் கையில் இருக்கின்றனவோ அவர் பக்கமே படம் பேசும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டா.

இதே பத்தாண்டில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலும் இளைஞர் சிலர் தம் உடலையே கித்தானாகக் கொண்டார்கள். 1965 ஜூலையில் குந்தர் புருஸ் என்பவர், தலை முதல் கால் வரை வெள்ளை பூசி, உடலை இரு கூறாகப் பிளப்பதுபோல நடுவில் ஒரு கருங்கோடு வரைந்துகொண்டு, வியன்னாவின் நடுத் தெருக்களில் நடந்தார். போலீஸ்காரர் தடுத்தார், அபராதம் விதிக்கப்பட்டது. அந்த நடை இன்று நமக்குத் தெரிவது, லுட்விக் ஹோஃபன்ரைக் என்ற முதிய பத்திரிகைப் புகைப்படக்காரர் உடன் சென்றமையால்.

அவர்களுள் ருடால்ஃப் ஷ்வார்ஸ்கோக்லர் என்பவரின் கதை, படத்தின் அபாயத்துக்கு இன்னொரு பாடம். 1965, 1966 ஆண்டுகளில் ஆறு நிகழ்ச்சிகளை மட்டும் அவர் நடத்தினார். பெரும்பாலானவை பார்வையாளர் இன்றிக் காமிராவுக்காக மட்டுமே அமைக்கப்பட்டவை. கட்டுத் துணியால் சுற்றிய, அறுவைக்கு ஆட்பட்டது போன்ற ஓர் உடல் அப்படங்களிற் காணப்படும். 1969 ஜூன் மாதம் தம் வீட்டு ஜன்னலிலிருந்து விழுந்து, 28ஆம் வயதில் அவர் இறந்தார். 1972இல் அப்படங்கள் ஜெர்மனியின் காஸல் நகர்க் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவர் தம் உடலைத் தாமே வெட்டிக்கொண்டு, அதனாலேயே இறந்தார் என்று பெயர் பெற்ற அமெரிக்க வார இதழ் ஒன்று எழுதிவிட்டது. அக்கதை பல ஆண்டுகள் உலகெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. உண்மையில் அப்படங்களில் இருந்த உடலே அவருடையது அன்று. அவர் தோழர் ஹைன்ஸ் சிபுல்காவினுடையது. காயமும் அமைக்கப்பட்ட தோற்றமே. கிளைன் அறிந்தே மாயத்தைச் செய்தார். ஷ்வார்ஸ்கோக்லருக்கோ பார்த்தவர்களே மாயத்தைக் கட்டி அளித்தார்கள். படம் வாய் திறக்கவில்லை. அருகில் எழுதிய சொல்தான் பொய்யாயிற்று.

விற்க முடியாத, வைத்திருக்க முடியாத கலையை நாடி இவர்கள் புறப்பட்டார்கள். கிளைன் வெட்டவெளியின் பகுதிகளைப் பொன்னுக்கு விற்றார். பெற்ற பொன்னிற் பாதியை ஸேன் நதியில் எறிந்தார். வாங்கியவர் ரசீதைக் கொளுத்தினார். 1962 ஜனவரியில் இத்தாலிய எழுத்தாளர் தினோ புட்சாட்டி அவ்வாறு வாங்கினார். எஞ்சியிருப்பவை அச்சடங்கின் புகைப்படங்களே. பொருளை ஒழிக்கப் புறப்பட்ட கலை, படம் என்னும் பொருளாகித் தாவற்படத்தின் பிரதிகளோடு அருங்காட்சியகங்களிற் பேணப்படுகிறது.

இவை யாவும் எங்கோ நடந்த விந்தைகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, ஊர்ச் செய்தி பெரும்பாலும் படமாகவே வந்து சேருகிறது. வெள்ளம், கலவரம், விழா, மரணம் யாவும் கைபேசியின் சிறு திரையில் வந்து நிற்கின்றன. 1960இல் இருட்டறையும் தேர்ந்த கைகளும் வேண்டியிருந்த இணைப்பு வேலையை இன்று கணிப்பொறி நொடியில் முடித்துவிடுகிறது. எனவே எல்லாப் படமும் பொய் என்று சோர்ந்துவிடுவதும் தவறு. பிர்லா மாளிகை வாயிலில் எடுத்த படம் மெய்யானது. அதனை நம்புவதற்கு எடுத்தவரின் பெயரும், நாளும், இடமும், உடனிருந்தோர் சொல்லும் துணை நிற்கின்றன. படத்தைக் காணும்போது கேட்க வேண்டியவை மூன்று. எடுத்தவர் யார்? எப்போது, எவருக்காக எடுத்தார்? சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது எது?

ஃபோந்தனே-ஓ-ரோஸ் படத்தை நேயர்கள் நூலிலோ கண்காட்சியிலோ காண நேர்ந்தால், முதலில் தாவுகிறவரைக் கண்குளிரப் பார்க்கலாம். அந்த அழகு மெய். பிறகு கீழே வெறுமையாகத் தோன்றும் சாலையையும் சற்று நேரம் பார்க்க வேண்டும். தார்ப்பாயைப் பிடித்தபடி அங்கே மனிதர்கள் நின்றிருந்தார்கள்.